5 ஆண்டுக்குப் பின் அதே ஆறு!

சின்ன வயதில் ஓடி விளையாடிய ஆற்றங்கரைக்கு, பெரியவர் ஆன பிறகு போகிறோம். ஆறு அதேதான். மரங்களும் அதேதான். ஆனால் பழைய துள்ளல் மட்டும் வருவது இல்லை. அது எங்கே போயிற்று?

இந்தக் கேள்வியை விடாமல் கேட்டவர், இங்கிலாந்து நாட்டுக் கவிஞர் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த்.

அவர் 1770-ம் ஆண்டு பிறந்தார். ஊர், காக்கர்மவுத். மலைகளும் ஏரிகளும் நிறைந்த வட இங்கிலாந்தில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் டெர்வென்ட் ஆறு ஓடியது. 8 வயது நிறைவதற்குள் தாய் இறந்தார். 13 வயதில் தந்தையையும் இழந்தார்.

துரத்திய மலை

சிறுவனாக இருந்தபோது நடந்ததை அவரே பாட்டில் எழுதி இருக்கிறார். ஒரு நாள் இரவு, யாரையும் கேட்காமல் ஒரு படகை அவிழ்த்துக்கொண்டு ஏரிக்குள் போனார். துடுப்புப் போடப் போட, கரிய மலை ஒன்று எழுந்து நின்றது. அது தன்னைத் துரத்தி வருவதாகவே தோன்றியது. சிறுவன் நடுங்கிப் போனான்! படகைத் திருப்பிக் கொண்டுவந்து, எடுத்த இடத்திலேயே கட்டினான். பல நாட்கள் அந்தப் பயம் போகவில்லை.

குழந்தைக்கு இயற்கை ஒரு விளையாட்டுத் தோழன். சில நேரம் கண்டிக்கிற வாத்தியார்!

ஓடிய வாலிபன்

23-வது வயதில் (1793) வை ஆற்றங்கரைக்குப் போனார். டின்டர்ன் மடம் அங்கேதான் இருக்கிறது. பாழடைந்த பழைய கிறிஸ்தவ மடம் அது.

அப்போது அவர் மனதில் நிம்மதி இல்லை. பிரான்சு நாட்டுக்குப் போனபோது அன்னெட் என்ற பெண்ணைக் காதலித்தார். 1792 டிசம்பரில் பெண் குழந்தை பிறந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் இரு நாடுகளுக்கும் சண்டை மூண்டது. இவர் இங்கே, அவர்கள் அங்கே!

அந்த நாளில் மலையிலும் காட்டிலும் மான்போல ஓடினாராம். ஆசைப்பட்டதைத் தேடி ஓடியவன்போல இல்லை. எதற்கோ பயந்து ஓடுகிறவன்போல இருந்தேன் என்கிறார். அருவியைக் கண்டால் வெறி. வேறு நினைப்பே கிடையாது.

திரும்பி வந்தார்

1798 ஜூலையில் அதே இடத்துக்கு மறுபடியும் வந்தார். கூடவே தங்கை டாரதி. ஊர் திரும்பும் வழியிலேயே, நடந்தபடி ஒரு நீண்ட பாட்டை மனதுக்குள் கட்டினார். டின்டர்ன் பாட்டு என்று அது பெயர் பெற்றுவிட்டது.

பழைய வெறி போய்விட்டது என்று அதில் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அழவில்லை. இப்போது ஆற்றைப் பார்த்தால் மனிதர்களின் துயரமும் சேர்ந்து காதில் விழுகிறது. இழந்ததற்கு ஈடு கிடைத்துவிட்டது என்கிறார்.

இப்படிக் கிழவர்போலப் பேசியவருக்கு அப்போது வயது என்ன தெரியுமா? 28!

உண்மையில் அவருக்குச் சமாதானம் ஏற்பட்டுவிடவில்லை. 1802-ல் இன்னொரு பாட்டைத் தொடங்கினார். குழந்தையாக இருந்தபோது புல்லிலும் பூவிலும் கண்ட ஒளி எங்கே என்று கேட்டார். நான்கு பகுதி எழுதியதும் பாட்டு நின்றுவிட்டது. பதில் கிடைத்து முடிக்க இரண்டு ஆண்டு ஆயிற்று!

தங்கையின் அறை

டின்டர்ன் பாட்டின் கடைசிப் பகுதி தங்கைக்காக எழுதியது. அவள் கண்களில் தன் பழைய இளமையைக் காண்கிறார். "பின்னால் உனக்குத் துன்பம் வந்தால், இந்த நாளின் நினைவு உன்னை ஆற்றும்" என்ற பொருளில் வாழ்த்துகிறார்.

துன்பம் வந்தது. மைல் கணக்கில் நடந்த டாரதி, நோயில் விழுந்தார். வெளியே போக முடியவில்லை. வசந்தத்தின் முதல் பூக்களைப் பறித்து, அவர் அறைக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். 1832-ல் டாரதி படுக்கையில் இருந்தபடியே ஒரு பாட்டு எழுதினார். அண்ணன் முன்பு சொன்ன சொல்லை அதில் நினைத்துக்கொள்கிறார். அசைவும் வேண்டாம், பலமும் வேண்டாம். வை ஆற்றங்கரை இந்த அறைக்குள்ளேயே இருக்கிறது என்கிறார்.

அதை எழுதியபோது அவருக்கு வயது 60.