ஒரே ஸ்ரீ, இரண்டு எண்வரிசை

திருமலைக் கோயில் பற்றிய தமிழ்க் கோப்பில் ‘ஸ்ரீவாரி பிரம்மோற்சவம்’ என்று தேடுகிறோம். கண்ணெதிரே இருக்கும் சொல்லைக் கணினி ‘இல்லை’ என்கிறது. ஏன்?

நாம் பார்ப்பது எழுத்துரு தீட்டும் வடிவத்தை. கணினி பார்ப்பது எண்களை. யூனிகோடில் ஸ்ரீ முதலில் ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்று 3000, 3021, 2992, 3008 ஆகப் பதிவானது. 2005-இல் வந்த யூனிகோடு 4.1 பதிப்பு ‘ஶ’ எழுத்துக்கு 2998 என்ற இடம் தந்தது. அதிலிருந்து, முதல் எண் 2998 ஆக இருப்பதே பொருத்தம் என்றானது. பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே உருவமாகக் காட்டுவதால், பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை.

எ-கலப்பை போன்ற சிறு தட்டச்சுச் செயலிகளைப் புதுப்பிக்க வேண்டியிருப்பது இதனால்தான். விசையை அழுத்தியதும் செயலி அதை இடைமறித்து, தன் அட்டவணையைப் பார்த்து, உரிய எண்களை அனுப்புகிறது. அட்டவணையில் ஒரு வரியை மாற்றினால் புது எழுத்து சரியாகிவிடும். பழைய கோப்புகள் அப்படியே இருக்கும். அவற்றைச் செயலி தானாகத் திருத்துவது எனக்கு ஒப்பவில்லை. தேடும் நிரலே இரு வரிசையையும் ஒன்றாகக் கொள்ளட்டும். யூனிகோடின் பரிந்துரையும் அதுவே.

விண்டோஸ் 64-பிட்டுக்கு மாறியபோது வந்தது வேறு சிக்கல். 32-பிட் துணை நிரலை 64-பிட் செயலிக்குள் ஏற்ற முடியாது. விசையை இடைமறிக்கும் பகுதி அப்படிப்பட்டதாக இருந்தால், அதை மீண்டும் தொகுக்க மூலநிரல் கையில் வேண்டும். எ-கலப்பையின் 3-ஆம் பதிப்பு திறமூலமாக வந்ததை நான் பெரிதாக மதிப்பது அதற்காகத்தான்: எழுதியவர் விலகினாலும் இன்னொருவர் தொடரலாம்.