மலை ஓடைக்கு உடையவர் யார்?

வனத்தையும் வனத்தையொட்டிய பூமியையும் நம்பி ஜீவிக்கும் ஜனங்களுக்கு இழைக்கப்பட்ட சரித்திர அநீதியைத் திருத்தவே செய்யப்படுகிறது என்று தன் முகவுரையிலேயே ஒப்புக்கொண்ட சட்டம், 2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம். அதன் 5-வது பிரிவு காட்டிலுள்ள நீர்ப்பிடிப்புகளையும் நீர் நிலைகளையும் பாதுகாக்கும் பொறுப்பைக் கிராம சபையிடம் ஒப்படைக்கிறது. மெத்த நல்லது. ஆனால், அந்த ஊற்றிலிருந்து இறங்கிவரும் ஓடையில் ஒரு சக்கரத்தைப் பொருத்தித் தன் வீடுகளுக்கு வேண்டிய மின்சாரத்தைக் கிராமமே உண்டாக்கிக்கொள்ளலாமா என்று கேட்டால், அதே சட்டம் வேறு பாஷை பேசுகிறது.

3-வது பிரிவின் 2-வது உட்பிரிவு, எந்தெந்தப் பொதுக் காரியங்களுக்குக் காட்டு நிலத்தை விடலாம் என்று பதின்மூன்று இனங்களை எண்ணிச் சொல்கிறது. பள்ளிக்கூடம், வைத்தியசாலை, குடிதண்ணீர்க் குழாய், சாலை முதலியவற்றுடன் மரபுசாராச் சக்தியும் அந்த ஜாபிதாவில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கு, அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்குக் குறைந்த நிலமே தரலாம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டலாகாது. கிராம சபை சிபார்சு செய்ய வேண்டும். இவையெல்லாம் நியாயமான நிபந்தனைகளே. ஆனால் ஜாபிதாவின் தலைமாட்டில் நிற்கும் வாசகமோ, இவை யாவும் சர்க்காரால் நிர்வகிக்கப்படும் வசதிகளாய் இருக்கவேண்டும் என்கிறது. கிராமத்தார் சிபார்சு செய்யலாம், நிர்வாகம் அவர்களுடையதல்ல. தாமே நடத்த விரும்பினால், 1980ஆம் வருஷத்து வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய சர்க்காரின் முன்அனுமதியைத் தேடி நெடுவழி நடக்கவேண்டும். அச்சட்டத்தின் பெயரை 2023ல் மாற்றினார்கள்; இந்தக் காரியத்தில் வழியை மட்டும் குறுக்கவில்லை.

அப்படி என்ன பெரிய காரியத்தைக் கிராமத்தார் செய்துவிடப் போகிறார்கள்? விநாடிக்கு 100 லிட்டர் நீர் 50 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், சேதாரம் போகச் சுமார் 25 முதல் 30 கிலோவாட் மின்சாரம் கிடைக்கும். ஒரு சிறு ஊரின் விளக்குகளுக்கும் ஒரு மாவு மில்லுக்கும் அது போதும். இதற்கு அணைக்கட்டு வேண்டாம். ஒரு தடுப்பு, ஒரு வாய்க்கால், ஒரு தொட்டி, கீழே இறங்கும் இரும்புக் குழாய், ஒரு கொட்டகை. சக்கரத்தைச் சுற்றிய நீர் மறுபடி ஓடைக்கே போய்விடுகிறது. இமயமலைச் சரிவுகளில் இதே முறையில் தானியம் அரைக்கும் நீர்ச்சக்கரங்கள் தலைமுறை தலைமுறையாகச் சுழன்று வந்திருக்கின்றன. அன்றியும், மேலே காடு அழிந்தால் மழையில் மண் வந்து வாய்க்காலைத் தூர்க்கும். கோடையில் ஓடை வற்றி விளக்கு அணையும். ஆகவே காட்டைக் காப்பதில் இத்தகைய கிராமத்துக்குள்ள அக்கறை வேறு எவருக்கு இருக்க முடியும்?

மின்சாரச் சட்டத்தைப் பார்த்தால் விநோதம் இன்னும் தெளிவாகும். மாகாண சர்க்கார் குறிப்பிடும் கிராமப் பகுதிகளில் மின்சாரம் உண்டாக்கி விநியோகம் செய்ய லைசென்ஸ் தேவையில்லை என்று 2003ஆம் வருஷத்திலேயே அச்சட்டம் சொல்லிவிட்டது. ஒரு சட்டம் திறந்த கதவை மற்றொரு சட்டம் சாத்துகிறது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 100 கிலோவாட் நிலையமும் 25,000 கிலோவாட் நிலையமும் சர்க்கார் கணக்கில் ஒன்றுபோலச் சிறு நீர்மின் நிலையங்களே. 25,000 கிலோவாட்டுக்குக் கீழ்ப்பட்டவற்றுக்கு 2006ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி முன்அனுமதியும் வேண்டுவதில்லை. வன இலாகாவின் அனுமதி கம்பெனிகளுக்கும் வேண்டியதுதான். ஆனால் கம்பெனிக்கு வக்கீல் உண்டு, டில்லியில் ஆள் உண்டு. மலைக் கிராமத்துக்கு யார் உண்டு?

இந்த வழக்கு நமக்குப் புதியதன்று. 1878ஆம் வருஷத்து இந்திய வனச் சட்டம் சென்னை மாகாணத்தில் அமலுக்கு வரவில்லை. ஏதேனுமொரு கிராமத்தின் எல்லைக்குள் அடங்காத காடு இங்கே அருமை என்று அதற்கு முன்பே, வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் நிறைந்த ரெவினியூ போர்டே வாதாடியிருந்தது. எதிர்ப்பு நீடிக்கவில்லை, 1882ல் சென்னைக்கென்று தனி வனச் சட்டம் வந்து சேர்ந்தது.

எல்லாக் கிராமங்களுக்கும் மின்சாரம் போய்விட்டதே, இனி இந்த ஓடைச் சக்கரம் எதற்கு என்று கேட்பாருண்டு. 2018 ஏப்ரலில் அவ்வாறு பிரகடனம் செய்யப்பட்டது மெய்தான். நூற்றுக்குப் பத்து வீடுகளில் விளக்கெரிந்தால் அந்தக் கிராமத்துக்கு மின்சாரம் வந்ததாக எழுதிக்கொள்ளும் கணக்கு அது. காட்டின் நடுவே இழுத்த கம்பிமேல் ஒரு மரம் சாய்ந்தால் ஊர் எத்தனை நாள் இருளில் கிடக்கும் என்பதை அந்தக் கணக்குச் சொல்லாது.

அண்டை நாடான நேபாளத்தைப் பாருங்கள். 1992ஆம் வருஷத்து மின்சாரச் சட்டப்படி அங்கே 1,000 கிலோவாட் வரையில் லைசென்ஸ் கிடையாது. 1993ஆம் வருஷத்து வனச் சட்டம், காட்டை உபயோகிக்கும் கிராமத்தாரின் குழுக்களைச் சுயாதீன ஸ்தாபனங்களாக்கிற்று. 22,000க்கு மேற்பட்ட குழுக்கள் அமைந்தன. அங்கும் சங்கடங்கள் இல்லாமலில்லை. சர்க்கார் கம்பி வந்ததும் பல ஊர்களின் சிறு நிலையங்கள் சும்மா கிடந்தன. ஆயினும் 2018ல் நுவாகோட் ஜில்லாவில் 23 கிலோவாட் நிலையமொன்றைத் தேசியக் கம்பியுடன் இணைத்து, கிராமம் மின்சாரத்தை விற்கவும் வழி செய்தார்கள்.

கிராம சபையின் பெயரை வைத்துக்கொண்டு காண்டிராக்டர்கள் காட்டுக்குள் புகுந்துவிடுவார்கள் என்று வன அதிகாரிகள் அஞ்சலாம். அச்சம் நியாயமானதே. 100 கிலோவாட்டுக்கு மேற்படாது, நிலையத்தை அன்னியருக்கு விற்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது என்று வரையறை செய்தால் அது தீரும். இலாகாவின் சுற்றறிக்கையால் இந்த மாறுதலைச் செய்ய இயலாது. சட்டத்தின் வாசகத்தைச் சட்டமே மாற்றவேண்டும். சர்க்காரால் என்ற சொல்லை அடுத்து, அல்லது கிராம சபையால் என்ற சொற்களைச் சேர்க்கும் மசோதாவை, மலைப்பிரதேசங்களின் பிரதிநிதிகளாய்ப் பார்லிமெண்டில் அமர்ந்திருக்கும் அங்கத்தினர்கள் கொண்டுவர வேண்டுமென்று கேட்கிறோம்.