யூஸ்டன் ரோட்டில் நல்ல பீர்

லண்டன் யூஸ்டன் ரோட்டில் ஒரு கிலோமீட்டருக்குள் மூன்று பெரிய ரயில் நிலையங்கள் இருக்கின்றன. மான்செஸ்டருக்குப் போகிறவர் யூஸ்டனில் ரயில் ஏறுவார். பாரிசுக்கு செயின்ட் பாங்க்ரஸ், எடின்பரோவுக்கு கிங்ஸ் கிராஸ். பிள்ளைகளைப் பார்க்கப் போனாலும் வேலையாகப் போனாலும் இந்த மூன்றில் ஒன்றில் முக்கால் மணி நேரம் கையில் மிஞ்சும். பீர் பிடித்தவராக இருந்தால் அதை நாற்காலி தேடுவதில் செலவழிக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் நல்ல பீர் கிடைக்கும் ரயில் நிலைய வட்டாரங்களில் இது ஒன்று. மோசமான பீரும் அங்கேயே, அதே விலைக்குக் கிடைக்கும் என்பதால், இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

ரயில் நிலையத்துக்குள் கடை போட்டவருக்கு ஒரு சௌகரியம் உண்டு. சுமாரான சரக்கைக் கொடுத்தாலும் கேட்பாரில்லை. வாங்கியவர் இந்நேரம் பாதி வழி போயிருப்பார். அதனால்தான் நிலையத்துச் சாப்பாட்டின்மேல் நமக்கு இயல்பாகவே ஒரு சந்தேகம். ஆனால் பீர் விஷயத்தில் அப்படி வந்துபோகும் கூட்டமே நல்லதும் செய்கிறது. அது எப்படி என்பதற்கு, பீர் குழாய்க்கு வரும் வழியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பிரிட்டிஷ் பப்களில் பீர் இரண்டு விதமாக வரும். ஒன்று காஸ்க். பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கும்; பப்பின் நிலவறையில் வைத்த பிறகும் கொஞ்சம் நொதித்து, அடங்கி, தெளியும். பாரில் நீளமான கைப்பிடியை இழுத்துக் கண்ணாடிக் குவளையில் ஏற்றுவார்களே, அது இதுதான். பீர் வெளியே வர வர பீப்பாய்க்குள் காற்று நுழையும். காற்றுப் பட்டதும் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். திறந்த பீப்பாயை மூன்று நாளுக்குள் விற்றாக வேண்டும் என்பது தொழிலில் உள்ளவர்கள் வைத்திருக்கும் கணக்கு. அதற்குமேல் போனால் முதலில் மணம் போகும், பிறகு புளிப்புத் தட்டும், கடைசியில் வினிகர்.

வழக்கமான காஸ்க் பீப்பாய்க்கு ஃபர்கின் என்று பெயர். அதில் 9 கேலன், அதாவது 72 பைன்ட், ஏறக்குறைய 41 லிட்டர் இருக்கும். 72 பைன்ட்டை மூன்று நாளில் விற்க வேண்டுமானால் ஒரு கைப்பிடிக்கு நாளொன்றுக்கு 24 பைன்ட் ஓட வேண்டும். பத்துக் கைப்பிடி வைத்திருக்கும் பப் தினமும் 240 பைன்ட் காஸ்க் பீர் விற்றால்தான் எல்லாமே நன்றாக இருக்கும். ஆள் நடமாட்டமில்லாத தெருவில் பத்துக் கைப்பிடி நிற்பதைப் பார்த்தால் மயங்க வேண்டாம். அதில் ஏழாவது நான்கு நாளாகத் திறந்து கிடப்பதாக இருக்கலாம். யூஸ்டன் வாசலில் மாலை ஆறு மணிக்கு நிற்கும் கூட்டத்துக்குப் பத்து போதாமலும் போகலாம். எத்தனை வகை என்பதைவிட அத்தனை வகையையும் காலி செய்ய ஆள் வருகிறதா என்பதுதான் நல்ல பாரின் அடையாளம். என்னைக் கேட்டால், தெரியாத ஊரில் பார் தேடுகிறவர் இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டாலே பாதித் தேடல் முடிந்துவிடும்.

இன்னொன்று கெக். காற்றுப் புகாத உருளை, வாயு அழுத்தத்தில் பீர் மேலே வரும், வாரக்கணக்கில் தாங்கும். கிராஃப்ட் பீர் என்று பேசப்படுவதில் பெரும்பகுதி இந்த வழியாகத்தான் வருகிறது. தாங்கும் என்பதற்காக மணமும் அப்படியே நிற்கும் என்றில்லை. ஹாப்ஸ் என்ற பூ நிறையப் போட்ட ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) வகைகளில் மாம்பழம், எலுமிச்சை, பைன் மரம் என்று வீசும் வாசனைகள்தான் முதலில் வெளுக்கும். அங்கேயும் கூட்டம் உதவுகிறது.

காஸ்க் பீர் 11 முதல் 13 டிகிரி செல்சியஸில் தரப்படும். நம்மூர்க் கடையில் “ஜில்லுனு இருக்கா?” என்பதுதான் முதல் கேள்வி என்பதால், புதிதாகக் குடிப்பவர்கள் முதல் வாயிலேயே சூடாக இருக்கிறது என்று முகம் சுளிப்பதுண்டு. கெட்டுப்போனதல்ல, அதன் இயல்பு அது. ஜில்லென்றுதான் வேண்டுமானால் கெக் பக்கம் போங்கள்.

கிராஃப்ட் என்ற பலகையை நம்பலாமா? அரைகுறையாக. பிரிட்டனில் 2002-இல் சிறு பீர் ஆலைகளுக்கு வரிச்சலுகை வந்தது. ஆண்டுக்கு 5,000 ஹெக்டோலிட்டர், அதாவது 5 லட்சம் லிட்டர் வரை காய்ச்சுகிறவர் பாதி வரி கட்டினால் போதும் என்றானது. அடுத்த பதினைந்து ஆண்டில் ரயில் பாலங்களின் செங்கல் வளைவுகளுக்குக் கீழே, தொழிற்பேட்டைகளில், பழைய கிடங்குகளில் என்று நூற்றுக்கணக்கில் ஆலைகள் முளைத்தன. 2009-இல் தென்கிழக்கு லண்டனின் பெர்மண்ட்சியில் தொடங்கிய கெர்னல் அவற்றில் மதிப்பு மிக்க ஒன்று. பெரிய நிறுவனங்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கேம்டன் டவுன் ஆலையை 2015-இல் ஏபி இன்பெவ் வாங்க ஒப்பந்தம் போட்டது. பீவர்டவுன் ஆலை 2022-இல் முழுவதும் ஹைனெக்கன் கைக்குப் போனது. டப்பாவில் படம் அதேதான். பீர் ஒரே நாளில் மோசமாகிவிட்டது என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு பாரின் எல்லாக் குழாய்களிலும் இப்படிப் பெருநிறுவனத்துக் குடும்பப் பெயர்களே இருந்தால், அங்கே பீரைத் தேர்ந்தெடுத்தது பார்க்காரர் அல்ல, விற்பனை ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். பப் யாருக்குச் சொந்தம் என்பதும் முக்கியம். ஆலைக்கோ பப் நிறுவனத்துக்கோ சொந்தமானது என்றால் பெரும்பாலும் அவர்கள் சொல்லும் பீரைத்தான் விற்க வேண்டும். பலகையில் ‘ஃப்ரீ ஹவுஸ்’ என்றிருந்தால் அப்படிக் கட்டில்லை, எங்கிருந்தும் வாங்கலாம்.

இந்த அளவுகோல்களோடு யூஸ்டன் நிலையத்திலிருந்து வெளியே வாருங்கள். நிலையம் 1960-களின் கான்கிரீட். அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. அதற்காக இடிக்கப்பட்ட பழைய நிலையத்தோடு, முகப்பில் நின்ற மாபெரும் யூஸ்டன் வளைவும் 1961, 62-இல் போய்விட்டது. தப்பிப் பிழைத்தவை சாலையோரம் இரு பக்கமும் நிற்கும் இரண்டு சிறிய கல் கட்டடங்கள். 1870 வாக்கில் வாயிற்காவல் இல்லங்களாகக் கட்டியவை. மூலைக் கற்களில் அந்தக் கால ரயில்கள் போன ஊர்களின் பெயர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். மேற்குப் பக்கத்துக் கட்டடத்தில் 2010-இல் யூஸ்டன் டேப் திறந்தது. உள்ளே நம் வீட்டு வரவேற்பறை அளவுதான் இடம். பாருக்குப் பின்னால் தாமிரத் தகடு பதித்த சுவர், அதிலிருந்தே நீளும் குழாய்கள். மாடிக்கு ஒரு குறுகலான சுழல் படிக்கட்டு. பெட்டியோடு ஏறப் பார்க்காதீர்கள். மாலையில் பாதிப் பேர் வெளியே நின்றுதான் குடிப்பார்கள். இடம் சிறிது, கூட்டம் பெரிது, பீர் வேகமாக மாறுகிறது: மேலே போட்ட கணக்கு அப்படியே பொருந்தும் இடம். மூன்று நிலையங்களில் ஒன்றில்தான் நிற்க முடியும் என்றால் நான் யூஸ்டனைத்தான் சொல்வேன், இந்த ஒரு கட்டடத்துக்காக.

கிழக்கே பத்துப் பன்னிரண்டு நிமிடம் நடந்தால் செயின்ட் பாங்க்ரஸ். இங்கே பீருக்காக நிலையமே வளைந்து கொடுத்த கதை இருக்கிறது. மிட்லண்ட் ரயில்வேயின் பாதை ரீஜென்ட்ஸ் கால்வாயைப் பாலத்தில் கடந்து வந்ததால், நடைமேடைகள் தெருவைவிட உயரத்தில் அமைந்தன. கீழே பெரிய நிலவறை மிஞ்சியது. பர்ட்டன் ஆன் ட்ரென்ட் ஊரில் காய்ச்சிய பீர் அந்த ரயில்வே வழியாகத்தான் லண்டனுக்கு வந்துகொண்டிருந்தது. எனவே பொறியாளர் வில்லியம் பார்லோ நிலவறையை பீர்க் கிடங்காக வடிவமைத்தார். பீப்பாய்களை வரிசையாக அடுக்கும்படி, பீப்பாயின் நீளத்தையே அளவாக வைத்து இரும்புத் தூண்களை ஏறத்தாழ நாலரை மீட்டருக்கு ஒன்றாக நிறுத்தினார். சரக்குப் பெட்டிகள் மேலே வந்து நிற்க, நீரழுத்தத்தில் இயங்கும் தூக்கி அவற்றைக் கீழே இறக்கும். 1868-இல் நிலையம் திறந்தது. இன்று பாரிஸ் பயணிகள் சோதனைக்கு வரிசையில் நிற்பதும், மற்றவர்கள் காலுறையும் சாக்லேட்டும் வாங்குவதும் அந்தத் தூண்களுக்கு நடுவேதான்.

பர்ட்டனுக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. இன்றைய ஐபிஏவின் முன்னோர் கிழக்கிந்திய கம்பெனிக் கப்பல்களில் இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்களுக்கு வந்த வெளிர் நிற பீர். முதலில் கிழக்கு லண்டனில் பவ் என்ற இடத்து ஹாட்ஜ்சன் ஆலை அந்த வியாபாரத்தில் ஓங்கி இருந்தது. 1820-களில் பர்ட்டன் ஆலைகள் போட்டிக்கு வந்து பிடித்துக்கொண்டன. மதராஸ் துரைமார் குடித்த சரக்கின் பேரப்பிள்ளைதான் இப்போது யூஸ்டன் டேப்பின் தாமிரச் சுவர்க் குழாயில் வருகிறது. நிலையத்துக்குள்ளேயே இருக்கும் பேரல் வால்ட் என்ற பப்பின் பெயர் அந்த நிலவறையை நினைவூட்டுகிறது. வெதர்ஸ்பூன் நிறுவனத்துக் கடை. மலிவு, அதைத் தாண்டி எதிர்பார்க்க வேண்டாம்.

பக்கத்திலேயே கிங்ஸ் கிராஸ். ஹாரி பாட்டர் தள்ளுவண்டி முன்னால் படமெடுக்க நிற்கும் வரிசையைத் தாண்டி மாடியேறினால் பார்சல் யார்ட். பழைய பார்சல் அலுவலகம், 2012-இல் பப்பானது. பல அறைகள், மர மேசைகள், உட்கார இடம் கிடைக்கும். ஃபுல்லர்ஸ் நிறுவனத்துடையது என்பதால் லண்டன் பிரைடு போன்ற அவர்கள் பழைய பீர்களே முன்னால் நிற்கும். அந்த பீர்களைக் காய்ச்சும் ஆலை 2019-இல் ஜப்பானின் அசாஹி கைக்குப் போய்விட்டது, பப்கள் மட்டும் ஃபுல்லர்ஸிடம். கிராஃப்ட் பிரியர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். அது எனக்கு ஒப்பில்லை. நன்றாகப் பராமரித்த 4.1% லண்டன் பிரைடு, வெளுத்துப்போன ஐபிஏவைவிட எவ்வளவோ மேல். ரயில் கிளம்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால், பெரிய சாலையை விட்டுத் தெற்கே ஆக்டன் தெருவின் குவீன்ஸ் ஹெட், வடக்கே நார்த்டவுன் தெருவின் கிங் சார்லஸ் தி ஃபர்ஸ்ட் என்று தெருவுக்குள் நடக்கலாம். இவை அக்கம்பக்கத்துக்காரர்கள் வரும் சிறிய பப்கள். நாளைக்கும் வரப்போகிறவருக்கு ஊற்றும் பீர் என்பதால் கவனமாகத்தான் ஊற்றுவார்கள். எதற்குப் போனாலும் அன்று திறந்திருக்கிறதா என்று போனில் பார்த்துக்கொள்ளுங்கள். யூஸ்டனைச் சுற்றி ஹைஸ்பீடு 2 ரயில் பாதைக்காக வருடக்கணக்கில் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். பீருக்குப் பெயர்போன ப்ரீ லூயீஸ் என்ற பப் அதற்காகவே 2018-இல் மூடப்பட்டது.

உள்ளே போனதும் மேசையில் உட்கார்ந்து ஆளை எதிர்பார்க்காதீர்கள். பாருக்குப் போய்க் கேட்டு, காசு கொடுத்து, நீங்களே எடுத்து வர வேண்டும். கைப்பிடியில் மாட்டிய பெயர் வில்லை பின்பக்கம் திரும்பியிருந்தால் அந்த பீர் தீர்ந்துவிட்டது அல்லது இன்னும் தயாராகவில்லை. அப்படி இரண்டு மூன்று திரும்பியிருப்பதைக் குறையாக எண்ண வேண்டாம், சரக்கு ஓடுகிறது என்று அர்த்தம். எது வேண்டும் என்று தெரியாவிட்டால் ஒரு வாய் ருசி பார்க்கக் கேட்கலாம், நல்ல இடத்தில் தயங்காமல் தருவார்கள். அந்தக் கேள்விக்குப் பார்க்காரர் என்ன பதில் சொல்கிறார் என்று கவனியுங்கள். “இன்று மதியம்தான் திறந்தோம்” என்று ஒன்றைக் காட்டினால் யோசிக்காமல் அதையே வாங்குங்கள்.

பைன்ட் என்பது 568 மில்லி. அரை பைன்ட் கேட்பது கௌரவக் குறைச்சல் அல்ல. மூன்றில் ஒரு பங்கு, 189 மில்லியும் உண்டு. ரயிலுக்கு முன் மூன்று வகை பார்க்க ஆசைப்படுகிறவருக்கு அதுதான் சரி. பலகையில் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சதவீதத்தைப் படித்துவிட்டுக் கேளுங்கள். நம்மூரில் ஸ்ட்ராங் என்று விற்பதையே தூக்கிச் சாப்பிடும் 10% ஸ்டவுட்டும் அதே வரிசையில் இருக்கும். விலை பைன்ட்டுக்கு ஆறு ஏழு பவுண்டு ஆகும், சிறப்பு வகைகளுக்கு இன்னும் ஏறும். வாயில் வைத்ததும் வினிகர் வாடை வந்தால் அமைதியாகத் திருப்பிக் கொடுங்கள், மாற்றித் தருவது வழக்கம். ஆனால் கலங்கலாக இருப்பது மட்டும் குறையல்ல. சில வகைகளைக் கலங்கலாகவேதான் காய்ச்சுகிறார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு செய்தி. காஸ்க் பீரைத் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ் என்ற பொருளைச் சேர்ப்பது பழைய வழக்கம். பல புதிய ஆலைகள் அதை விட்டுவிட்டன. பலகையில் ‘வீகன்’ என்று போட்டிருக்கும். இல்லாவிட்டால் கேளுங்கள், அங்கே அது தினமும் கேட்கப்படும் கேள்விதான்.

பசித்தால் யூஸ்டனுக்கு மேற்கே ட்ரம்மண்ட் தெருவுக்கு நடந்துவிடுங்கள். இந்தியக் கடைகள் நிறைந்த தெரு. தோசை, பேல் பூரி போடும் தீவானா உணவகம் அங்கே ஐம்பது ஆண்டுப் பழக்கம். சொந்தமாக பீர் வாங்கிவந்து சாப்பாட்டோடு குடிக்க நெடுங்காலமாக அனுமதிக்கும் இடம் அது. பாரில் பிடித்த பீரின் டப்பா இரண்டை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. ஒரே எச்சரிக்கை: யூஸ்டனில் நடைமேடை எண்ணைச் சில நேரம் கடைசி நிமிடங்களில்தான் அறிவிப்பார்கள், அறிவித்ததும் மொத்தக் கூட்டமும் ஓடும். கிளம்பும் நேரத்துக்கு இருபது நிமிடம் முன்பே நிலையத்துக்குள் இருங்கள். மிச்சமான டப்பாவை வெளியூர் ரயில்களில் பொதுவாகத் திறக்கலாம், கால்பந்தாட்ட நாட்களில் சில ரயில்களில் மட்டும் தடை போடுவார்கள். லண்டன் மெட்ரோவிலும் பேருந்திலும் 2008 ஜூன் முதல் குடிப்பதற்கும் திறந்த டப்பாவோடு ஏறுவதற்கும் தடை இருக்கிறது. அங்கே அது பைக்குள் மூடியபடியே இருக்கட்டும்.