கால் பொருத்திய பின்னர்

துண்டிக்கப்பட்ட காலுக்குப் பதிலாகச் செயற்கைக் கால் ஒன்றைப் பொருத்தி, இருபுறமும் கம்பியைப் பிடித்துச் சில நாட்கள் நடக்கப் பழக்கி, நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் புனர்வாழ்வுச் சிகிச்சை பூர்த்தியாயிற்று என்ற எண்ணம் நம்மவரிடையே வேரூன்றிவிட்டது. உண்மையில் அதன் கடினமான பாகம் வீட்டுப் படலையைத் தாண்டிய பிறகே ஆரம்பமாகிறது.

யாழ்ப்பாணத்தில் 1987ஆம் ஆண்டு தொடக்கம் இயங்கிவரும் ஜெய்ப்பூர் புனர்வாழ்வு நிலையம், யுத்தத்திலும் மிதிவெடியிலும் அவயவம் இழந்தோர் பலரை மீண்டும் நிமிர்ந்து நிற்கச் செய்திருக்கிறது. வைத்தியர் சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் 1960களின் பிற்பகுதியில் ஜெய்ப்பூரில் உருவாக்கிய இறப்பர்ப் பாதம் நமது வாழ்க்கை முறைக்கு வெகுவாக இசைந்தது. சப்பாத்தின்றிக் கோயில் வீதியில் நடக்கவும், நிலத்தில் சம்மணமிட்டு உண்ணவும், வயற் சேற்றில் இறங்கவும் அது இடந்தரும்.

ஆயினும் “ஏனப்பா கஷ்டப்படுறியள், இருங்கோ, நான் எடுத்துத் தாறன்” என்று மனைவி அன்பு மிகுதியால் சொல்லும் வார்த்தை வீடு திரும்பியவரை விறாந்தைக் கதிரையோடு கட்டிவிடுகிறது. அசையாத சரீரம் பருக்கிறது. சரீரத்தோடு வெட்டுண்ட முனையும் பருத்து, அளவெடுத்துச் செய்த செயற்கைக் காலின் கூட்டுக்குள் இறுகி நோகிறது. ஈற்றில் அந்தக் கால் கதவு மூலையிலே சாத்தப்படுகிறது. முழங்காலுக்கு மேல் இழந்தவருக்கோ ஒவ்வோர் அடிக்கும் முன்னிலும் மிகுந்த சக்தி செலவாவதால், இருதயமும் சுவாசமும் பழக்கப்படாவிடில் ஒழுங்கை முகப்பை அடையுமுன்னரே களைப்பு மேலிடும். சலரோகத்தினால் கால் இழந்தவருடைய நிலைமை இன்னும் நுட்பமானது: நடந்தால் இரத்தத்தில் சீனி குறையும், ஆனால் உணர்ச்சி மங்கிய மற்றக் காலில் புண் வந்தால் அதுவும் ஆபத்தாகும். எனவே வெயில் ஏறுமுன் நடந்து, வியர்த்த உறையை மாற்றி, சிவந்த இடமுண்டோ என்று கண்ணாடி பிடித்துப் பார்க்கும் வழக்கத்தையும் நடையோடு சேர்த்தே கற்பிக்க வேண்டும்.

நெதர்லாந்து தேசத்தில் 18 புனர்வாழ்வு நிலையங்களிலும் வைத்தியசாலைகளிலுமாக, நோயாளி வீடு திரும்புமுன்னரே ஆலோசகர் ஒருவர் அவருடன் அமர்ந்து, எத்தகைய தேகாப்பியாசம் அவருக்கு உவப்பானது என்று கேட்டறிந்து, வீடு சென்ற பின்னரும் 13 வாரங்கள் வரை தொலைபேசியில் தொடரும் திட்டமொன்று நடத்தப்பட்டது. அங்கே உபதேசத்தைவிடக் கேள்விக்கே முதலிடம். இங்கோ “நல்லா நடவுங்கோ” என்ற ஒற்றை வாக்கியத்தோடு நாம் திருப்தியடைந்துவிடுகிறோம்! வலுவிழந்தோருக்கும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான அசைவு நன்மை தரும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் அறிவித்தது. அந்த நிமிடங்கள் தோட்டத்துக்குத் தண்ணீர் மாறுவதிலும் துவிச்சக்கரவண்டி மிதிப்பதிலும் கழியலாமே. மருந்தின் அளவை எழுதும் அதே கிளினிக் கொப்பியில் அசைவின் அளவையும் எழுதி, அடுத்த தவணையில் மருந்தைப் பற்றி விசாரிப்பதுபோல் விசாரிப்பதற்குப் புதிய கட்டடமோ யந்திரமோ வேண்டியதில்லை. கேட்பதற்கு ஒருவரை நியமித்தால் போதும்.