கருவிலேயே இருதயப் பரிசோதனை

திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்ப நிறுவனம் 1980ஆம் ஆண்டில் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கப்பட்டது. அங்கு உருவான 'சித்ரா' செயற்கை இருதய வால்வு 1990 டிசம்பரில் முதன்முறையாக நோயாளி ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. ஆயினும், பச்சிளங்குழந்தைக்கு இத்தகைய வால்வு பொருந்தாது. அதன் மகாதமனி வால்வின் குறுக்களவு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. செயற்கை வால்வு குழந்தையுடன் வளர்வதுமில்லை. எனவே, பிறவி வால்வுக் குறைகளைக் காலத்தே கண்டறிவது இன்றியமையாததாகும்.

மறைந்திருக்கும் குறை

ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 8 குழந்தைகள் பிறவி இருதயக் குறையுடன் பிறக்கின்றன. வால்வுக் குறைகள் அவற்றுள் ஒரு பகுதியாகும். கருப்பையில் சிசுவுக்கு நச்சுக்கொடி வாயிலாகவே பிராணவாயு கிடைக்கிறது. இருதய மேலறைகளுக்கு இடையே ஒரு துளையும், நுரையீரல் தமனியை மகாதமனியுடன் இணைக்கும் குழாயும் திறந்திருப்பதால், ஒரு வால்வு அடைபட்டாலும் இரத்தம் மாற்று வழியில் செல்கிறது. பிறந்த சில நாட்களில் இவ்வழிகள் மூடத் தொடங்குகின்றன. நலமாகத் தோன்றிய குழந்தை அப்போதுதான் நீலம் பாரித்து மூச்சுத் திணறுகிறது.

ஒலி காட்டும் உருவம்

செவிக்கு எட்டாத ஒலியலைகளைச் செலுத்தி, அவற்றின் எதிரொலியைக் கொண்டு சிசுவின் இருதயத்தைத் திரையில் காணலாம். கருவுற்ற 18 முதல் 22 வாரங்கள் இதற்கு ஏற்ற காலம். டாப்ளர் முறை இரத்த ஓட்டத்தின் திசையையும் வேகத்தையும் காட்டும். குறுகிய வால்வில் வேகம் மிகும். கசியும் வால்வில் இரத்தம் பின்னோக்கிப் பாயும். நான்கு அறைகளை மட்டும் பார்ப்பது போதாது. இரு பெருந்தமனிகள் புறப்படும் இடங்களையும் ஆராய வேண்டும். சில வால்வுகள் பின்னரே குறுகக்கூடும் என்பதால், பிறந்த பின்னரும் குழந்தையைப் பரிசோதிப்பது அவசியம்.

கண்டறிந்த பின்

குறை முன்கூட்டியே தெரிந்தால், இருதய சிகிச்சை வசதியுள்ள இடத்திலேயே பிரசவத்தைத் திட்டமிடலாம். புரோஸ்டாகிளாண்டின் மருந்து இணைப்புக் குழாய் மூடாமல் காக்கும். குறுகிய வால்வைப் பலூன் குழாயால் விரிக்கவும் இயலும். கேரள அரசு 2017இல் தொடங்கிய 'ஹிருதயம்' திட்டம், இருதயக் குறையுள்ள குழந்தைகளைப் பதிவு செய்து இலவச சிகிச்சைக்கு வழிவகுத்தது. எனினும், கருவின் பாலினத்தைத் தெரிவிப்பது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும்.

கருவி மட்டும் உயிர் காப்பதில்லை. அதனை இயக்குவோருக்குப் பயிற்சியும், தாயை உரிய மருத்துவமனைக்குத் தாமதமின்றி அனுப்பும் ஏற்பாடும் இணைந்தால்தான் சிற்றூர்க் குழந்தைக்கும் இதன் பயன் கிட்டும்.