படத்தின் பின்பக்கம்

குடும்பப் புகைப்படத்தின் முன்பக்கத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பின்பக்கத்தில் ஸ்டூடியோவின் மங்கிய ரப்பர் முத்திரை இருக்கும், நெகட்டிவ் எண் இருக்கும், சில சமயம் ஒரு தேதி. அபூர்வமாக, "சின்னவனுக்கு மொட்டை, வைத்தீஸ்வரன் கோயில்" என்பது போல ஒரு வரி. அந்த வரி இல்லாத படம், அதில் இருப்பவர்களைத் தெரிந்த கடைசி ஆள் போனதும், யாரோ நாலு பேர் வெயிலில் கண் கூசி நிற்கும் வெறும் அட்டையாகிவிடுகிறது. சாதாரண வீட்டுப் படங்களின் கதை பெரும்பாலும் இந்தப் பின்பக்கத்தின் கதைதான்.

தமிழ்நாட்டில் கேமரா முதலில் வீட்டு மனிதர்களைத் தேடி வரவில்லை. பாரிஸில் டாகேரின் புகைப்பட முறை 1839-இல் வெளியிடப்பட்டு இருபது ஆண்டுகள் ஆவதற்குள், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858-இல் மதுரைக் கோயிலையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் படமெடுத்துவிட்டார். கோபுரமும் தூணும் அசையாமல் நின்றன. அன்றைய கருவிக்கு அது வசதி. துரைமார், ஜமீன்தார்கள், வக்கீல்கள் என்று படம் மெல்லக் கீழே இறங்கியது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் கும்பகோணம், மதுரை, காரைக்குடி போன்ற ஊர்களின் கடைவீதிகளில் ஸ்டூடியோக்கள் வந்த பிறகுதான் நடுத்தரக் குடும்பம் கேமராவின் முன் உட்கார்ந்தது.

உட்கார்ந்தது என்பதைவிட விறைத்தது என்பதே சரி. அந்தக் காலப் படங்களில் ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லாததற்கு, அசையாமல் நெடுநேரம் இருக்க வேண்டியிருந்ததே காரணம் என்று சொல்வதுண்டு. பாதிதான் சரி. 1880-களில் பரவிய உலர் கண்ணாடித் தகடுகளே வேகமானவை. நல்ல வெளிச்சத்தில் ஒரு விநாடிக்கும் குறைவாகவே போதும். விறைப்பு அதற்குப் பிறகும் ஐம்பது, அறுபது வருஷம் நீடித்தது. ஆயுளில் இரண்டோ மூன்றோ முறை நடக்கும் காரியத்துக்குச் சிரிப்பு பொருத்தமாகப் படவில்லை என்பதே உண்மைக்கு நெருக்கமான விளக்கம். பட்டுப்புடவை, கை வைத்த மரநாற்காலி, பக்கத்தில் பூச்சாடி வைத்த உயர ஸ்டூல், பின்னால் மாளிகைப் படிக்கட்டோ தாஜ்மகாலோ வரைந்த திரை. வீட்டில் இல்லாத டெலிபோனும் ரேடியோவும் ஸ்டூடியோவில் இருந்தன. கைக்கடிகாரம் கட்டியிருந்தவர் அது தெரியும்படி கையை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

எதற்காக ஸ்டூடியோவுக்குப் போனார்கள் என்பதைப் படத்தின் நிலையிலிருந்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, கேமராவை நோக்கி நிற்கும் சிறுமியின் படம் தமிழ் வீடுகளில் ஏறக்குறைய எல்லா ஆல்பங்களிலும் உண்டு. பூ வைத்துத் தைத்த சடை முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. அதற்காகவே ஸ்டூடியோக்காரர் ஆளுயரக் கண்ணாடி வைத்திருந்தார். முகமும் சடையும் ஒரே படத்தில் வந்துவிடும். சடை தைக்க ஒரு காலைப்பொழுது போகும், ஊசி தலையில் குத்தும், தாழம்பூ மடல் கழுத்தில் உறுத்தும். படத்தில் அந்தப் பெண்ணின் முகம் சற்றுச் சுளித்திருந்தால் பெரும்பாலும் காரணம் அதுவாகத்தான் இருக்கும். பல வீடுகளில் அது மஞ்சள் நீராட்டு முடிந்த கையோடு எடுத்தது. பள்ளிக்கூடம் நின்றுபோன வருஷத்தின் அடையாளமாகவும் அதே படம் அந்தப் பெண்ணுக்கு மட்டும் இருந்திருக்கலாம். அதைப் பின்பக்கத்தில் யாரும் எழுதியதில்லை.

பொட்டும் கவுனும் சங்கிலியும் போட்டு, கொண்டை கட்டிய குழந்தையின் படத்தைக் காட்டி, "இது யாரு, அக்காவா?" என்று கேட்டால், மீசை வைத்த ஒருவர் வெட்கப்பட்டுச் சிரிப்பார். முதல் முடி இறக்குவதற்கு முன் ஆண் குழந்தைக்குப் பெண் வேஷம் போட்டுப் பார்ப்பது வழக்கம்; அதைப் படமாக்கி வைப்பதும் வழக்கம். குப்புறப் படுத்துத் தலை தூக்கிய குழந்தை, கல்யாணம் ஆன புதிதில் ஸ்டூடியோவுக்குப் போன தம்பதி (அவர் உட்கார்ந்திருப்பார், அவள் நாற்காலியைப் பிடித்து நிற்பாள்), வளைகாப்புக்குக் கை நிறைய வளையலை முன்னால் காட்டும் பெண், கவுனும் தொப்பியும் வாடகைக்கு எடுத்த பட்டதாரி. பெண் பார்க்க வருபவர்களுக்கு முன்கூட்டியே அனுப்பும் படம் தனி ரகம். அது திரும்பி வந்துவிட்டால் வீட்டில் அன்று யாரும் அதிகம் பேசமாட்டார்கள். அதே படத்தை அடுத்த கவரில் போட்டு அனுப்பினார்கள் என்பதால், சில வீடுகளில் அதன் மூலைகள் மழுங்கியிருக்கும்.

இன்று பலருக்கு நெருடலாகத் தோன்றக்கூடியது இறந்தவரோடு எடுத்த படம். உடலைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, சுற்றிலும் பிள்ளைகளும் பேரன்களும் நிற்பார்கள். அவசரமாக வரவழைக்கப்பட்ட புகைப்படக்காரர் வாசலிலேயே எடுத்துவிட்டுப் போவார். இதை விநோதம் என்று ஒதுக்குவது எளிது. உயிரோடு இருந்தபோது அவர்களில் பலருக்குப் படமே எடுத்ததில்லை என்பதைச் சேர்த்துப் பார்த்தால் விநோதம் குறைந்துவிடும். படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்ற பயமும், மூன்று பேராக நின்று எடுக்கக் கூடாது என்ற நம்பிக்கையும் அவர்களைக் கேமராவிலிருந்து தள்ளியே வைத்திருந்தன. கூடத்தில் மாட்ட ஒரு முகம் வேண்டும். கிடைத்த கடைசி நாள் அதுதான்.

அப்படியும் தனிப்படம் இல்லாமல் போனவர்களுக்கு டச்சிங்காரர் இருந்தார். நெகட்டிவின் மேல் கூர்மையான பென்சிலால் தழும்பை மறைப்பது, முகத்தை வெளுப்பாக்குவது அவருடைய அன்றாட வேலை. பிரிண்டின்மேல் வர்ணம் தீட்டி, கறுப்பு வெள்ளைப் புடவையைச் சிவப்புப் பட்டாக்குவதும் உண்டு. கணவன் படம் ஒரு குழுப்படத்திலிருந்தும், மனைவி படம் வேறொரு கல்யாணப் படத்திலிருந்தும் வெட்டப்பட்டு, பக்கத்தில் பக்கத்தில் ஒட்டப்பட்டு, மறுபடி படமெடுக்கப்படும். வாழ்நாளில் சேர்ந்து ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாத இருவர், ஒரே சட்டத்துக்குள் ஒரே மாலையைப் பகிர்ந்துகொண்டு கூடத்துச் சுவரில் இருப்பார்கள். தோள்களின் அளவு கொஞ்சம் பொருந்தாது. கூர்ந்து பார்த்தால் இருவர் மேலும் விழும் வெளிச்சம் வெவ்வேறு திசையிலிருந்து வருவது தெரியும்.

ஸ்டூடியோவுக்கு வெளியே, வீட்டு முற்றத்திலும் கிணற்றடியிலும் படம் எடுக்கத் தொடங்கியது வேறு வரலாறு. அமெரிக்காவில் ஈஸ்ட்மனின் கோடாக் நிறுவனம் 1900-இல் பிரவுனி என்ற அட்டைப்பெட்டிக் கேமராவை ஒரு டாலருக்கு விற்றது. குழந்தைகளும் இயக்கலாம் என்பதே அதன் விளம்பரம். இந்தியாவின் நடுத்தர வீடுகளுக்கு அந்த இடத்தைப் பிடித்தது பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் III. வெயிலா மேகமா என்று பார்த்துக் குறியைத் திருப்பி, பொத்தானை அழுத்தினால் போதும். ஒரு 120 ரோலில் பன்னிரண்டு சதுரப் படங்கள். ரோலையும் இங்கேயே செய்ய மத்திய அரசு 1960-இல் ஊட்டியில் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸை நிறுவியது. 1967-இல் தொடங்கிய உற்பத்தியில் வந்த "இந்து" ஃபிலிமில்தான் ஒரு தலைமுறையின் பிறந்தநாட்களும் ஊட்டிப் பயணங்களும் பதிந்தன.

பன்னிரண்டு என்ற கணக்கு படங்களின் குணத்தையே தீர்மானித்தது. முதல் பத்தும் விசேஷத்துக்குப் போய்விடும். பதினொன்றும் பன்னிரண்டும் மிச்சம். அவற்றை எடுக்காமல் ரோலைக் கழுவக் கொடுப்பது காசை வீணாக்குவது. அதனால் விசேஷம் முடிந்து வாரங்கள் கழித்து, "ரோலை முடிச்சிடலாம்" என்று யாராவது சொல்ல, அரிசி புடைத்துக்கொண்டிருந்த பாட்டியையும் திண்ணையில் பேப்பர் படித்த தாத்தாவையும் எடுப்பார்கள். யாரும் உடை மாற்றவில்லை, யாரும் நிமிர்ந்து உட்காரவில்லை. பழைய ஆல்பங்களில் அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது என்று தேடுபவர்கள் பார்க்க வேண்டியது கல்யாணப் பக்கங்களை அல்ல, இந்தக் கடைசி இரண்டு படங்களைத்தான். அம்மிக்கல் எந்த மூலையில் இருந்தது, கொடியில் என்ன காய்ந்தது, சுவரில் எந்த நடிகர் காலண்டர் என்பதெல்லாம் அங்கேதான் கிடைக்கும்.

வீட்டுக் கேமரா இன்னொரு மாற்றத்தையும் செய்தது. எடுப்பவர் குடும்பத்திலேயே ஒருவரானார். ஆகவே ஒருவர் எப்போதும் படத்தில் இல்லாமல் போனார். கேமராவை யாரும் தொடவிடாத அப்பா, பிள்ளைகளின் பதினைந்து வருஷ ஆல்பத்தில் நாலே படங்களில் இருப்பார். தரையில் விழும் நிழல், பித்தளைக் குடத்தில் தெரியும் வளைந்த உருவம், எல்லோரும் ஒரே பக்கம் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு ஆகியவற்றில் அவரைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

ஒரு படத்தின் பொருள் பார்ப்பவரோடு எவ்வளவு ஒட்டியது என்பதற்கு ஃபிரெஞ்சு அறிஞர் ரோலான் பார்த் செய்தது நல்ல உதாரணம். தாய் இறந்த பிறகு அவருடைய பழைய படங்களைப் புரட்டிய அவர், ஐந்து வயதுச் சிறுமியாகத் தாய் நிற்கும் ஒரு படத்தில்தான் தனக்குத் தெரிந்த அம்மாவைக் கண்டார். 1980-இல் வெளிவந்த அவருடைய புகைப்படம் பற்றிய நூலின் மையமே அந்தப் படம். நூலில் வேறு பல படங்கள் அச்சாகியிருக்கின்றன. அது மட்டும் இல்லை. மற்றவர்களுக்கு அது ஏதோ ஒரு பழைய படமாகத்தான் தெரியும் என்பது அவர் சொன்ன காரணம்.

செல்போன் ரோலின் கணக்கை ஒழித்துவிட்டது. செல்போன் படத்தின் தொடக்கமும் ஒரு வீட்டு நிகழ்ச்சிதான்: 1997 ஜூன் 11 அன்று கலிஃபோர்னியாவில், மனைவி பிரசவ அறையில் இருந்தபோது, ஃபிலிப் கான் என்ற பொறியாளர் டிஜிட்டல் கேமராவையும் செல்போனையும் மடிக்கணினியையும் இணைத்து, பிறந்த மகளின் படத்தை அங்கிருந்தே நூற்றுக்கணக்கானவர்களுக்கு அனுப்பினார். இன்றைய கோப்புக்குப் பின்பக்கம் இல்லை என்று சொல்ல முடியாது. எடுத்த நேரம், இடம், கருவியின் பெயர் எல்லாம் அதற்குள் தானாகவே எழுதப்படுகின்றன. யார், எதற்கு என்பது மட்டும் எழுதப்படுவதில்லை. எடுப்பதால் நினைவு கூடுகிறதா என்பதும் சந்தேகம். அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹெங்கல் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகப் பொருள்களைப் படமெடுத்தபடி நகர்ந்தவர்களுக்கு, வெறுமனே பார்த்தவர்களைவிட அவை குறைவாகவே நினைவிருந்தன. ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கமாக எடுத்தவர்களிடம் அந்த மறதி காணப்படவில்லை. நிதானித்துப் பார்த்தார்களா என்பதைப் பொறுத்தது போலும்.

காகிதப் படங்களின் எதிரிகள் வேறு. ஈரத்தில் ஜெலட்டின் பூஞ்சை பிடிக்கிறது. சட்டமிட்ட படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்கிறது. ஹைப்போ ரசாயனம் சரியாகக் கழுவப்படாத பிரிண்ட் பழுக்கிறது. 1970-களின் கலர் பிரிண்டுகள் ஆல்பத்தின் இருட்டிலேயே நீலச் சாயத்தை இழந்து செம்மை படர்ந்து நிற்கின்றன. கறுப்பு வெள்ளை அவற்றைவிட நெடுநாள் தாங்குகிறது. மூடப்பட்ட ஸ்டூடியோக்களின் கண்ணாடி நெகட்டிவ்களோ, பல இடங்களில் பழைய சாமானாகப் போயின. புதுச்சேரி ஃபிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழக ஸ்டூடியோப் படங்களைத் தேடி எண்ணிமமாக்கிப் பாதுகாத்துள்ளது. அவற்றில் பலருடைய பெயர் தெரியாது.

போர் ஒரே நாளில் ஆல்பத்தை அழித்துவிடும். இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்தவர்கள் கையில் எடுத்துச் செல்ல முடிந்தது கொஞ்சமே. பல குடும்பங்களில் படம் எதுவும் மிஞ்சவில்லை. மிஞ்சிய ஒன்றுக்கு அதன் பிறகு வேறு வேலை வந்தது. 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரப் பந்தல்களில் அமர்ந்த தாய்மார், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்திருந்தார்கள். பாஸ்போர்ட் அளவிலிருந்து பெரிதாக்கியவை, கல்யாணக் குழுப்படத்திலிருந்து வெட்டியெடுத்தவை. வெட்டிய ஓரத்தில் பக்கத்தில் நின்றவரின் தோள் கொஞ்சம் தெரியும்.

வீட்டில் இருக்கும் படங்களுக்குச் செய்யக்கூடியது சிறிய வேலைதான். பசை தடவிய பிளாஸ்டிக் தாள் ஆல்பத்திலிருந்து கழற்றி, அமிலமற்ற காகித உறையில் வைப்பது. பின்பக்கத்தில் எழுதுவதானால் பால்பாயிண்ட் வேண்டாம்; அழுத்தினால் முன்பக்கம் புடைத்துவிடும். மென்மையான பென்சிலால் ஓரமாக எழுதலாம். வழுவழுப்பான பிற்காலப் பிரிண்டுகளில் பென்சில் பிடிக்காது, அவற்றுக்கு உறையின்மேல் எழுதுவதே வழி. பெயர், உறவு, ஊர், வருஷம், எதற்காக எடுத்தது. எடுத்தவர் யார் என்பதையும்.