நீரிணைக்கு ஒரு பாலம்: ஜப்பானின் ஷிமனாமி சாலை

ஜப்பானின் பெருந்தீவான ஹொன்ஷுவுக்கும் ஷிகோகுவுக்கும் நடுவே இருப்பது செத்தோ உள்கடல். சிறு தீவுகள் நெருங்கிக் கிடக்கும் இக்கடலைக் கடக்க மூன்று பாலச் சாலைகள் போடப்பட்டன. சைக்கிளுக்கு இடம் தருவது அவற்றில் ஒன்றே: ஒனோமிச்சி நகரையும் இமாபாரி நகரையும் இணைக்கும் ஷிமனாமி கைடோ. விரைவுச் சாலை சுமார் 60 கி.மீ.; கரையோரமாக வளைந்து போகும் சைக்கிள் தடம் சுமார் 70 கி.மீ. முகாய்ஷிமா, இன்னோஷிமா, இகுச்சிஜிமா, ஓமிஷிமா, ஹக்கத்தாஜிமா, ஓஷிமா என்ற ஆறு தீவுகள் வழியில் வருகின்றன.

பாலங்கள் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. நீரிணையின் அகலம், ஆழம், நீரோட்டம், கப்பல் போக்குவரத்து ஆகியவையே ஒவ்வொன்றின் வடிவத்தையும் தீர்மானித்தன. முதலில் திறக்கப்பட்டது 1979-இல் ஓமிஷிமா பாலம். அங்கே நீரிணை குறுகலானது. கடலில் தூண் நிறுத்தாமல் 297 மீட்டரை ஒரே எஃகு வளைவு தாண்டிவிடுகிறது. 1983-இல் வந்த இன்னோஷிமா பாலம் 770 மீட்டர் நடு இடைவெளி கொண்ட தொங்கு பாலம். இதில் கார்கள் மேலே போக, சைக்கிள்கள் அடித்தளத்தில் எஃகுச் சட்டங்களுக்குள் போகின்றன. காட்சிக்கு இது சற்றுக் குறைதான்.

இகுச்சிஜிமாவையும் ஓமிஷிமாவையும் இணைக்கும் தத்தரா பாலத்தின் கதை சுவையானது. இதையும் தொங்கு பாலமாகக் கட்டத்தான் முதலில் திட்டமிட்டார்கள். தொங்கு பாலத்தில் பிரதான வடத்தின் இழுவை முழுவதும் கரையில் போய் முடியும்; அதைப் பிடித்து நிறுத்த மலைச்சரிவை வெட்டிப் பிரம்மாண்டமான கான்கிரீட் நங்கூரம் அமைக்க வேண்டும். தீவின் நில அமைப்பு சிதையும் என்பதால் 1989-இல் திட்டம் மாறியது. கோபுரத்திலிருந்து விசிறியாக இறங்கும் வடங்கள் தளத்தையே நேரடியாகப் பிடிக்கும் கம்பிவடப் பாலம் வந்தது. இரு பக்க வடங்களின் இழுவையும் தளத்துக்குள்ளேயே சமனாகிவிடுவதால் பெரிய நங்கூரம் தேவையில்லை. நடு இடைவெளி 890 மீட்டர். பக்க இடைவெளிகள் மிகக் குட்டை. எடை சமனாக வேண்டி, நடுவில் எஃகாலான தளத்தின் இரு முனைகளையும் கனமான கான்கிரீட்டில் செய்தார்கள். 1999-இல் திறக்கப்பட்டபோது உலகின் மிக நீளமான கம்பிவட இடைவெளி இதுவே. 2008-இல் சீனாவின் சூத்தோங் பாலம் இதை முந்தியது. கோபுரத்தின் கால்களுக்கு இடையே நின்று கைதட்டினால், எதிரெதிர்ச் சுவர்களில் ஒலி மாறி மாறி மோதி அதிர்ந்தபடி மேலேறும். தட்டிப் பார்க்க மரக்கட்டைகளும் அங்கே வைத்திருக்கிறார்கள்.

கடைசித் தடை குருஷிமா நீரிணை. இங்கே ஓதவோட்டம் 10 நாட் வரை, அதாவது மணிக்கு 18 கி.மீ. வரை எட்டும், நிதானமாக மிதிக்கும் சைக்கிளின் வேகம் அது. ஓட்டத்தோடு போகும் கப்பல் நடு வாய்க்காலிலும், எதிர்த்து வரும் கப்பல் மேற்கு வாய்க்காலிலும் செல்ல வேண்டும் என்பது விதி. ஓட்டம் திரும்பினால் கப்பல்களின் பாதையும் இடம் மாறும். இத்தகைய நீரில் தூண்களை அடுக்குவது ஆபத்து. எனவே மூன்று தொங்கு பாலங்களைத் தொடராக அமைத்தார்கள். உலகில் இவ்வகையில் இதுவே முதலாவது. அடுத்தடுத்த பாலங்கள் ஒரே நங்கூரத்தைப் பகிர்ந்துகொள்வதால், ஆறு கோபுரங்களுக்கு நான்கு நங்கூரங்களே போதுமாயின. மொத்த நீளம் சுமார் 4.1 கி.மீ. தத்தராவும் குருஷிமாவும் 1999 மே 1 அன்று திறக்கப்பட்டதும் பாலத் தொடர் முழுமையடைந்தது.

கப்பல்கள் அடியில் நுழைய வேண்டுமென்பதால் பாலத் தளங்கள் மிக உயரத்தில் உள்ளன. தீவுச் சாலையிலிருந்து அங்கே ஏற, சைக்கிளுக்கென்று தனிச் சரிவுப் பாதைகள் உண்டு. சரிவு ஏறத்தாழ 3 விழுக்காடுதான், ஆனால் நீளம் அதிகம். சாலையோரம் தீட்டிய நீலக் கோடு வழிகாட்டுவதால் வழி தவறுவது கடினம். இகுச்சிஜிமாவின் சரிவுகளில் எலுமிச்சைத் தோட்டங்கள்; ஓமிஷிமாவில் பழமையான ஓயமாசுமி கோவில். முதல் நீரிணையில் மட்டும் சைக்கிள்காரர்கள் பாலத்தை விட்டு ஒனோமிச்சியிலிருந்து படகில் முகாய்ஷிமா போய் இறங்குகிறார்கள். சில நிமிடப் பயணம். பழகியவர்கள் ஒரே நாளில் முடிக்கலாம். பாலங்களை நின்று பார்க்க விரும்புவோர் நடுவே ஏதேனும் ஒரு தீவில் இரவு தங்குவதே நல்லது.